சோம்பலுக்கு ஆள் கிடைத்தது

பிரசெல்ஸ்
30 ஆகஸ்ட் 1971

அன்புள்ள ஓதீல் அக்காவுக்கு,

இருமல் விட்டுவிட்டது, நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. ‘பரவாயில்லை’ என்று எழுதாதே, அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

இரண்டு விஷயம். முதலாவது, எங்கள் டப்பிங் கூடத்துக்கு ஒரு பேய்ப்படத்தின் வேலை வந்திருக்கிறது. இயக்குநர் ஸ்பதாரோ என்ற இத்தாலிக்காரர். செத்துப்போன ஒரு பிரபுவின் உயிலைக் கேட்க ஏழு வாரிசுகள் கோட்டைக்கு வருகிறார்கள். உயிலை வாசிக்கும் நோட்டரிதான் சாத்தான். தலையான பாவங்கள் ஏழும் ஆளுக்கொன்று. அவரவருக்குப் பிடித்ததைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறான், வாங்கியதும் ஆள் காலி. புத்தியுள்ளவன் எழுதும் கதையில்லை, ஆனால் இதற்குத்தான் கூட்டம் வருகிறது. கோட்டை ஒன்று தேவை என்றார்கள், நம் ரோஷ்வல் கோட்டையைச் சொன்னேன். மேற்குக் கோபுரத்தைத் தவிர வேறெங்கும் விளக்கு மாட்ட வேண்டாம் என்று அவர்களிடம் சொல். மற்ற இடத்து ஒயரெல்லாம் எலி தின்றது. ரொட்டி உன்னிடம்தான் வாங்குவார்கள்.

இரண்டாவது, உன்னைப் பெண் கேட்கும் ஆன்செல்ம். மார்ஷ் நகரில் மாவு மண்டி வைத்திருக்கிறார், குடிப்பதில்லை, முதல் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. பேக்கரியும் மாவு மண்டியும் ஒன்றாவதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாளுக்குள் பதில் வேண்டும் என்கிறார். எனக்கும் அதே.

சட்டைகளை ரயிலில் அனுப்பியிருக்கிறேன். காலரில் கஞ்சி கொஞ்சமாகப் போடு.

உன் தம்பி,
அர்மான்

---

ரோஷ்வல்
12 செப்டம்பர் 1971

தம்பி அர்மானுக்கு அக்காவின் ஆசிகள்.

இருமல் விட்டதில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் பரவாயில்லை.

படக்காரர்கள் வந்துவிட்டார்கள். சாத்தானாக நடிப்பவர் கென்ட் ஊர்க்காரர், கொர்னேலிஸ் என்று பெயர். பிளெமிஷ் தவிர வேறு பாஷை தெரியாது, நம் பிரெஞ்சுகூட. வயிற்றுக்கோளாறு உள்ள மனிதர், பாவம். தினமும் நோட்டரியின் கறுப்புக் கோட்டோடு வந்து வறட்டு ரஸ்க் வாங்கிக்கொண்டு, தொப்பியை எடுத்து வணங்கிவிட்டுப் போகிறார். அவர் போனதும் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் தீர்த்தம் தெளிக்கிறாள். அது இந்த ஊர் மரியாதை என்று நினைத்து அவளையும் வணங்குகிறார்.

பங்குச் சாமியார் லம்பேர்தான் படப்பிடிப்பை நிறுத்திவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் எடுக்க அனுமதி கேட்டுப் போனார்கள். அவர் ரோமில் படித்தவர், இத்தாலி பாஷை தெரியும், கதையை வாங்கிப் படித்தார். ரத்தம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பெண்களின் உடை பற்றியும் சொல்லவில்லை. படித்து முடித்துப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இதுல பொய்யின்னு ஒரு பாவம் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாராம்.

பொய் பெரிய பாவமாயிற்றே என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

“பெரிய பாவந்தான், யார் இல்லேன்னா? ஆனா தலையான பாவம் இல்ல. அகங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம்கற பொறாமை. ஆறாச்சா? சோம்பல் எங்கே? முதல் நன்மை வாங்கற சின்னப் பிள்ளைகிட்ட கேட்டாலே சொல்லுமே. தப்புப் பட்டியலை வச்சுக்கிட்டு என் கல்லறைத் தோட்டத்துல ஒருத்தரும் சாகக் கூடாது.”

எனவே பொய்யை எடுத்துவிட்டுச் சோம்பலைச் சேர்க்கிறார்கள். பொய்யாக நடிக்க வந்த நடிகை கோபித்துக்கொண்டு ரோமுக்கு ரயிலேறிவிட்டார். சோம்பலுக்கு ஆள் இல்லை.

சட்டைகள் கிடைத்தன. இரண்டில் மசி ஒட்டியிருக்கிறது. மசிப் பேனாவைப் பையில் மூடி வைத்துக்கொள்.

அடுப்பு கூப்பிடுகிறது, நிறுத்துகிறேன்.

உன் அக்கா,
ஓதீல்

---

பிரசெல்ஸ்
15 செப்டம்பர் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. சாத்தானின் வயிற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய், சாமியாரின் பென்சிலைப் பற்றி எழுதியிருக்கிறாய், ஆன்செல்ம் என்ற பெயர் மட்டும் எங்கும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஒரு கேள்விக்கு இரண்டு பதில்தான் உண்டு. சுவிட்ச் மாதிரி. நடுவில் நிற்கும் சுவிட்சில் பொறி பறக்கும், அவ்வளவுதான் நடக்கும்.

சோம்பலுக்கு ஆள் தேடி அலைகிறார்களாமே. நம் ஊரில் நகர்மன்ற எழுத்தர் இருக்க இதென்ன பஞ்சம்?

உடனே எழுது.

அர்மான்

---

ரோஷ்வல்
3 அக்டோபர் 1971

தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், அப்பாவின் கம்பளி உள்சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்.

நீ சொன்ன எழுத்தரைத்தான் எல்லாரும் நினைத்தார்கள். பங்கில் மகா சோம்பேறி யார் என்று இயக்குநர் சாமியாரிடமே கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, சாமியார் நகர்மன்ற ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். எழுத்தர் அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து படக்காரர்களின் லாரிகளுக்கு முத்திரை குத்த மறுக்கிறார். தபால்காரர் பிளாசிட் நடிப்பதாக ஒப்புக்கொண்டு கடைசிவரை கோட்டைப் பக்கம் வரவே இல்லை. எவ்வளவு பொருத்தமான ஆள், கைநழுவிப் போய்விட்டாரே என்று இயக்குநருக்கு வருத்தம்.

போன செவ்வாய்க்கிழமை அவரே ரொட்டி வாங்க வந்தார். நான் மாவு மூட்டைமேல் கொஞ்சம் சாய்ந்திருந்தேன். கண் அசந்துவிட்டது போலிருக்கிறது. விழித்தபோது இயக்குநர் இரண்டு கைவிரல்களாலும் சட்டம் போல் பிடித்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் பின்னால் நாலு பேர்.

சோம்பலாக நான் நடிக்கிறேன். கடைக்கு மதியம் வரை பாஸ்தோனிலிருந்து ஓர் ஆளை அவர்களே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சாமியாருக்கு மட்டும் இதில் திருப்தியில்லை, வேடத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்.

சாத்தானோடு எனக்கு ஒரு காட்சி இருக்கிறது. வசனம் ஒரு பக்கம். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. என்ன செய்வது, எப்படிப் பேசுவது? நீ இந்தத் தொழிலில் இருப்பவன், சொல்.

உன் அக்கா,
ஓதீல்

---

பிரசெல்ஸ்
6 அக்டோபர் 1971

அக்கா,

உன் கடிதத்தைக் கூடத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். யாரும் நம்பவில்லை. சேவலை எழுப்பும் ஆளைப் பிடித்துச் சோம்பலாகப் போட்டிருக்கிறார் என்றால் அந்த மனிதருக்குக் கண் பரிசோதனை தேவை.

சரி, தொழில் விஷயம். கவனமாகப் படி. நீ வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. இந்த மாதிரிப் படங்களில் ஒவ்வொருவரும் தன் பாஷையில் பேசுவார்கள், சிலர் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். குரலை எல்லாம் பிறகு இங்கே கூடத்தில் வேறு ஆட்களை வைத்துப் புதிதாகப் போடுவோம். போன படத்தில் கதாநாயகி காதல் காட்சி முழுக்கக் காய்கறிக் கணக்குச் சொன்னாள், தியேட்டரில் பெண்கள் அழுதார்கள். உன் வாய் அசைய வேண்டும், அவ்வளவுதான். என்ன வேண்டுமானாலும் பேசு. ஒன்றும் தோன்றவில்லை என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணு. நீ பேசும் ஒரு சொல்லும் படத்தில் வராது.

அடுத்து ஆன்செல்ம். இரண்டு கடிதமாக நீ மறுத்து எழுதவில்லை. ஆகவே ஒப்புக்கொண்டாய் என்று எடுத்துக்கொண்டு, உனக்குச் சம்மதம் என்று அவருக்கு நேற்று எழுதிவிட்டேன். யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டுமே.

முழங்காலை மடக்காமல் படு.

அர்மான்

---

ரோஷ்வல்
28 அக்டோபர் 1971

தம்பிக்கு,

நீ சுகம்தானே? நான் சுகம், நிஜமாகவே.

படப்பிடிப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஊர் வெறிச்சென்று இருக்கிறது. மூன்று வாரமும் எனக்கு வேலை சோபாவில் படுத்திருப்பது. பச்சை வெல்வெட் சோபா, கால் நீட்டினால் முட்டாது. முதல் நாள் “ஆக்‌ஷன்” என்றதும் தூங்கிவிட்டேன். அதையும் எடுத்துக்கொண்டார்கள். நான் தூங்கும்போதே பக்கத்தில் கோபமும் லோபித்தனமும் சண்டை போட்டுச் செத்துப்போனார்களாம். எனக்குத் தெரியாது. எழுந்தபோது மேலே யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள்.

சாத்தானோடு இருந்த காட்சியும் நல்லபடியாக முடிந்தது. நீ சொன்னபடியே செய்தேன். இயக்குநருக்கு நம் பாஷை தெரியாது, ஆனாலும் முடிந்ததும் கைதட்டினார். இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆன்செல்ம் வந்தார். காப்பி குடித்தார். பேசினோம். போகும்போது தொப்பியை விட்டுவிட்டுப் போய்விட்டார், தபாலில் அனுப்பியிருக்கிறேன். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது பற்றி நீ அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம்.

சட்டைகள் இந்த முறை ஒரு வாரம் தாமதமாக வரும்.

உன் அக்கா,
ஓதீல்

---

பிரசெல்ஸ்
5 நவம்பர் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் நலம். ஆன்செல்ம் வந்துபோனதில் மிகுந்த திருப்தி. தொப்பியை மறக்கும் அளவுக்கு மனிதர் மகிழ்ச்சியில் இருந்திருக்கிறார்.

அவசரம் வேண்டாம் என்றாய். சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கல்யாணம் கிடையாது, ஆகவே ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து வரும் ஞாயிறிலிருந்து மூன்று ஓலையும் வாசிக்கும்படி சாமியார் லம்பேருக்கு எழுதிவிட்டேன். இரண்டு மாதம் இருக்கிறது, இதைவிட நிதானம் இருக்க முடியாது. சாமியாரிடமிருந்து பதில் இல்லை. ஆன்செல்முக்கும் மூன்று கடிதம் எழுதிவிட்டேன், அவரிடமிருந்தும் பதில் இல்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

அர்மான்

---

பிரசெல்ஸ்
28 நவம்பர் 1971

அக்கா,

ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? எதிர்வீட்டு அம்மாளையாவது எழுதச் சொல்.

படம் வந்துவிட்டது. வெட்டி ஒட்டிய சுருள்களை ஒவ்வொன்றாகக் குரல் போடுகிறோம். அகங்காரம் முடிந்தது. போசனப்பிரியமாக நடித்தவர் வாயில் கோழிக்காலை வைத்துக்கொண்டே எல்லா வசனத்தையும் பேசியிருக்கிறார், அதற்கு எந்தக் குரலைப் போட்டாலும் பொருந்துகிறது. மோகத்துக்குக் குரல் கொடுப்பவள் ஐந்து பிள்ளைகளின் தாய், இடைவேளையில் காலுறை பின்னுகிறாள். உன் சுருள் இனிமேல்தான்.

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அதைக்கூட நீ கேட்கவில்லை.

அர்மான்

---

ரோஷ்வல்
10 டிசம்பர் 1971

தம்பிக்கு,

தொண்டைக்கு வெந்நீரில் தேன் விட்டுக் குடி. நான் நன்றாக இருக்கிறேன். புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு இஞ்சி பிஸ்கட் போட்டதில் நேரம் போய்விட்டது.

ஒன்று கேட்கிறேன். நாங்கள் கோட்டையில் பேசினது ஒன்றும் படத்தில் வராது என்றாயே. அது அப்போதே காற்றோடு போய்விட்டதுதானே? எங்கேயும் தங்கியிருக்காதே?

உன் அக்கா,
ஓதீல்

---

பிரசெல்ஸ்
3 ஜனவரி 1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

காற்றோடு போகவில்லை. படத்தில் வராது என்றுதான் எழுதினேன், பதிவு செய்ய மாட்டார்கள் என்று எழுதவில்லை. செட்டில் பேசுவதைக் கரடுமுரடாக ஓர் ஒலிநாடாவில் பிடித்து வைப்பார்கள். வாயசைவுக்கு ஏற்ற வசனத்தை எழுத எங்களுக்கு அது வேண்டும். இந்தத் தொழிலில் இது எல்லாருக்கும் தெரியும் என்பதால் சொல்லத் தோன்றவில்லை.

உன் கடிதம் வந்த வாரமே உன் சுருளும் வந்தது. தொழில் பழக்கத்தில், கேட்கக் கேட்க அப்படியே எழுதிவிட்டேன். நீ பேசியது இது:

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... எண்ணச் சொன்னான் என் தம்பி. எண்ணி என்ன ஆகப்போகுது. ஐயா, நீங்க என்ன குடுக்கறீங்கன்னு எனக்குப் புரியல. ஆனா இந்த சோபா நல்லாருக்கு. அப்பா போனதுலேருந்து வெளிச்சம் வந்தப்புறம் நான் கண் முழிச்சதே இல்ல. ஊருக்கு ரொட்டி வேணும். தம்பிக்குச் சட்டை வேணும். ஆன்செல்முக்கு அடுப்பு வேணும், அடுப்போட சேர்த்து நானும் வர்றேன், அவ்வளவுதான். நல்ல மனுஷன்தான். ஆனா மூட்டைய எடை போடற மாதிரியே என்னைப் பாக்கறார். எனக்கு வேண்டாம். கல்யாணமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். இதை அர்மான்கிட்ட சொல்லணும். சொன்னா அவன் கேக்க மாட்டான். விளக்குவான்.”

அதற்குப் பிறகு சாத்தான் பிளெமிஷில் ஏதோ சொல்கிறார். ‘கையெழுத்திடு’ என்பது அவருடைய வசனம். அந்த ஒரு சொல்லுக்கு அவர் பேசியது மிக நீளம், எனவே கூடத்தில் வேலை செய்யும் பிளெமிஷ்காரன் லீவனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவன் இரண்டு முறை கேட்டுவிட்டுச் சொன்னான்: “‘அம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா வேண்டாம்னா போடாதீங்க. பேனாவை நானே வச்சுக்கறேன்’கிறார்.” நீ தலையை ஆட்டி “மாட்டேன்” என்கிறாய். அவர் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு உனக்குப் போர்வையை இழுத்து விடுகிறார். இயக்குநருக்கு இரண்டு பாஷையும் தெரியாததால் கைதட்டியிருக்கிறார்.

கதைப்படி நீ “சரி, போடுகிறேன்” என்று சொல்லிச் சாக வேண்டும். குரல் கொடுக்க மூன்று நடிகைகளை வரவழைத்தேன். மெதுவாகச் சொல்லச் சொன்னேன், முனகச் சொன்னேன், கொட்டாவியோடு சொல்லச் சொன்னேன். சுருளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். மூன்று நாள். அந்த வாயில் ‘சரி’ ஒட்டவில்லை. உதடு ஒன்று சொல்லி ஒலி வேறொன்று சொன்னால், கடைசி வரிசையில் கடலை தின்பவனுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஸ்பதாரோ வந்து கத்தினார். நானும் கத்தினேன். இவள் மாட்டேன் என்கிறாள், இதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியாது, வேண்டுமானால் திரும்ப எடுங்கள் என்றேன். கோட்டையும் போயிற்று, சோபாவும் போயிற்று, எதை எடுப்பது? எனவே சோம்பல் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஏழு பேரில் நீ ஒருத்தி உயிரோடு கோட்டையை விட்டு வெளியே போகிறாய். தூங்கி எழுந்து வாசற்படியில் சோம்பல் முறித்த காட்சி ஒன்று இருந்தது, அதைக் கடைசியில் ஒட்டிவிட்டோம்.

அப்புறம்தான் உறைத்தது. நான் உன் பெயரில் ஒரு ‘சரி’யை ஏற்கெனவே மார்ஷுக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன்.

புத்தாண்டுக்கு மறுநாள், அதாவது நேற்று, ஆன்செல்மின் வீட்டுக்கே போனேன். என் அக்காவுக்கு விருப்பமில்லை, நான் எழுதியது அவளுடைய வார்த்தை இல்லை, திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். மனிதர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதிர்ச்சியில் விழுந்துவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

“அப்பாடா. உக்காருங்க தம்பி. அவங்கதான் அன்னிக்கே, அந்த ஞாயித்துக்கெழமையே முடியாதுன்னு சொல்லிட்டாங்களே. நீங்க பாட்டுக்கு வாழ்த்து மேல வாழ்த்தா எழுதறீங்க. சாமியார்கிட்ட ஓடினேன். அவருக்கும் உங்க கடிதம் வந்திருந்துச்சு. ‘யார் அவன்கிட்ட சொல்றது, நீ சொல்லு’ங்கறார். நான் எப்படிங்க சொல்ல முடியும்? உங்க கடைசிக் கடிதத்துல கல்யாணக் கோட்டுக்கு என்ன துணின்னு வரைக்கும் எழுதியிருந்தீங்க. பயந்துபோய்த் தைக்கவும் குடுத்துட்டேன்.”

ஆக ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வேறு எதுவும் அவர் சொல்லவில்லை, “மத்ததை அவங்களே எழுதுவாங்க” என்றார்.

உனக்கு என்ன வேண்டும்? எழுது. நான் எதையும் விளக்கப் போவதில்லை.

அர்மான்

---

ரோஷ்வல்
16 ஜனவரி 1972

என் அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், தொண்டை தேறியிருக்க வேண்டும். நான் சுகம். முழங்கால் வலிக்கிறது. படி ஏறும்போது அதிகம் வலிக்கிறது, இரண்டு வருடமாக இப்படித்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கம்தான், வேறென்ன. பிறகு, போர்வையை இழுத்துவிட்ட சாத்தான் சொன்னது என்னவென்று தெரிந்ததில் சிரிப்பு வந்துவிட்டது. நான் பேசியது அவருக்குப் புரிந்திருக்குமோ என்று இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தேன். அவரும் அதே நிலையில்தான் இருந்திருக்கிறார்.

அன்றைக்குச் சாத்தானிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்ன பிறகு ஆன்செல்மிடம் சொல்வது கஷ்டமாக இல்லை. அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “அப்போ அடுப்பு?” என்றார். அவ்வளவுதான் கேட்டார், அர்மான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு எளிதாகிவிட்டது. பிப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளிலிருந்து பேக்கரியைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறார். பாஸ்தோனிலிருந்து வந்த ஆளையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார். நல்ல ரொட்டி போடுகிறான், என்னைவிட உப்பு கொஞ்சம் தூக்கல்.

உன்னிடம் சொல்லத்தான் முடியவில்லை. எழுத உட்கார்ந்தால், நீ என்ன பதில் எழுதுவாய் என்பது வரி வரியாக முன்னாலேயே காதில் விழுகிறது. உன் காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருப்பதால் நான் தோற்றுவிடுவேன். மறுநாளும் எழுந்து அடுப்பை மூட்டுவேன்.

சாமியார் உன்மேல் மகா கோபமாக இருக்கிறார். ஏழில் சோம்பல் மட்டும் தப்பித்துப் போவது எந்த ஞானோபதேசத்தில் இருக்கிறது என்று கேட்கிறார். பொய்யையே விட்டுவைத்திருக்கலாம், அதுவாவது செத்திருக்கும் என்கிறார். படம் மார்ஷுக்கு வந்தால் முதல் ஆளாகப் போய்க் கண்டிக்கப் போகிறாராம். என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். நீ கேட்ட நாளில் தெரியவில்லை. இப்போது பாதி தெரியும். முதலில் ஒரு மாதம் தூங்க வேண்டும். அதற்குப் பிறகு, மார்ச்சில் இத்தாலிக்குப் போகிறேன். ஸ்பதாரோ எழுதியிருக்கிறார், சாமியார்தான் படித்துச் சொன்னார். மலைமேல் ஒரு மடம், அங்கே அடுத்த பேய்ப்படம். படத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போய்க் கடைசிவரை கண்ணாடிப் பேழையில் கிடக்கும் கன்னியாஸ்திரீயின் வேடம். இத்தனை அமைதியாகப் படுக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவிலேயே இல்லை என்கிறார். எந்தப் பாவத்துக்காகச் சாகிறாய் என்று சாமியார் கேட்டார். விசாரித்துவிட்டேன், பாவம் ஒன்றும் இல்லை, சும்மா செத்துப்போகிறேன் என்று சொன்னேன். அப்படியானால் போய் வா என்றார்.

இது சரிவருமா, ரயில் எங்கே மாற வேண்டும், அங்கே குளிருமா என்றெல்லாம் உனக்கு இப்போதே எழுத வேண்டும்போல் கை துறுதுறுக்கும். ரயில் பற்றி மட்டும் எழுது.

பிணத்துக்கு வசனம் கிடையாது. எந்த நாடாவிலும் நான் இருக்க மாட்டேன். எனவே இனி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உனக்கு நேராகத்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

உன் அக்கா,
ஓதீல்